கால்வாய்ப் பாலத்தின் வளைந்த கைப்பிடி

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் போனில் பேசியதை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. நான் சொன்னதை நீ கேட்கவில்லை, நீ சொன்னதை நான் கேட்கவில்லை, யார் முதலில் போனை வைத்தோம் என்றுகூடத் தெரியவில்லை. அதனால் இனி கடிதம்தான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்! அந்தப் பேச்சுக்கு என் பதில் இதுதான்: உன் வீட்டோடு வந்து இருக்க மாட்டேன். எனக்கு ஒரு வீடு இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது, காலையில் நான் ஓட்டுகிற பள்ளிக்கூடப் பஸ்ஸுக்காக நாற்பது பிள்ளைகள் தெருமுனையில் காத்து நிற்கிறார்கள். இதை விட்டுவிட்டு உன் கடையில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு வளையம் மாட்டச் சொல்கிறாயா?

இப்போது செய்தி. சிரிக்கக்கூடாது. ஓவிய வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஞாயிறு காலையில், நூலகத்து மாடியில். டீச்சருக்கு உன் பெண்ணைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், அதனால் நாங்கள் வைத்த பெயர் பாப்பா டீச்சர். பேஸ்டல் குச்சிகளால் இயற்கைக் காட்சி வரையச் சொல்லித் தருகிறாள். பார்க்க சாக்பீஸ் மாதிரிதான் இருக்கும், ஆனால் தொட்டாலே பொடி உதிர்ந்து விரலில் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தாள் உப்புத்தாள் போல கரகரவென்று. முதல் நாளே பூனைக்குட்டிக்குத் தடவிக்கொடுப்பதுபோல விரலால் தேய்த்து வைத்தேன். பாப்பா டீச்சர் ஓடி வந்து, "தேய்க்காதீங்க அக்கா, நிறம் செத்துப் போயிடும்!" என்றாள். ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொரு நிறத்தை வைத்தால் போதுமாம், கலக்குகிற வேலையைப் பார்க்கிறவர் கண் பார்த்துக்கொள்ளுமாம். நிழலுக்குக் கறுப்பு கூடாது, ஊதாதான். இருட்டை முதலில் போடு, வெளிச்சத்தைக் கடைசியில் வை.

அவள் எப்போதும் சொல்கிற ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "தெரிஞ்சதை வரையாதீங்க, தெரியுறதை வரைங்க." மரம் பச்சை என்று நமக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் அது நீலமாகத் தெரிந்தால் நீலம்தான் போட வேண்டும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் இலை கிளையெல்லாம் போய்விட்டு வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும்.

என் வீட்டில் ஜன்னல் கம்பியில்கூட இப்போது ஆரஞ்சுப் பொடி.

உன் அக்கா


பிப்ரவரி 20

என் அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திட்டுகிற என் அக்கா, ஊதா நிறத்தில் நிழல் வரைகிறாள் என்று இவரிடம் சொன்னேன். "உங்க அக்கா எதையும் பாதியில விட மாட்டாங்க, பார்த்துட்டே இரு" என்றார்.

உன்னை வளையம் மாட்டக் கூப்பிடவில்லை. நீ தனியாக இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும், என் பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போட்டதும் நீதான். நான் பதிலுக்கு ஒன்று செய்ய வந்தால் மட்டும் உனக்கு மூக்கில் புகை வருகிறது.

இங்கே ஒரு கண் ஆஸ்பத்திரி முழுவதற்கும் திரைச்சீலை தைக்கும் வேலை வந்திருக்கிறது. இவர் ஏணியில் ஏறி இறங்கியே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நான் அளவெடுக்கிறேன், வெட்டுகிறேன், அவரைத் திட்டுகிறேன்.

முதல் படம் முடிந்ததும் எனக்கு அனுப்ப வேண்டும். வேறு யாருக்காவது கொடுத்தாயானால் பேச மாட்டேன்.

உன் வாலு


மார்ச் 12

அன்புள்ள வாலுக்கு,

இதோ படம். மேலே மூடியிருக்கிற வெண்ணெய்த்தாளை மெதுவாகப் பிரி, இழுத்தாயானால் பாதி வானம் தாளோடு போய்விடும். ஊதவும் கூடாது.

பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற கால்வாய்ப் பாலம்தான் அது. நாலு சாயங்காலம் போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் வீட்டுக்கு வந்து மனதில் இருந்ததை வரைந்தேன். முதலில் தாள் முழுவதும் கரும் ஊதா. அதன் மேல் தண்ணீருக்குப் பச்சையும் நீலமும், குச்சியைப் படுக்கவைத்து இழுத்தேன். பாலத்தின் மேல் விழுகிற வெயிலுக்கு ஒரே ஒரு வெளிர்மஞ்சள் குச்சி வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்தபோது, முதன்முதலாகப் பஸ்ஸைக் கேட்டுக்கு வெளியே எடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது. வைத்தேன். படம் சட்டென்று விழித்துக்கொண்டது, வாலு! உனக்கு எப்படிச் சொல்வது?

பாப்பா டீச்சர் வகுப்பு முழுவதற்கும் அதைத் தூக்கிக் காட்டினாள். "பாலத்தோட கைப்பிடியைப் பாருங்க, தண்ணியோட சேர்ந்து அதுவும் ஆடுது. ஸ்கேல் வச்சுப் போடலை பாருங்க. கண்ணுக்கு அந்த நேரத்துல பட்டதை அப்படியே போடறது, இதுதான் இம்ப்ரஷனிஸ்ட் பார்வை" என்றாள். பக்கத்தில் இருந்த வங்கிக்கார அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போச்சு. அவள் கைப்பிடியை ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருந்தாள்.

வேலையில் விசேஷம் ஒன்றுமில்லை. போன வாரம் மழையில் ஒரு பெண், மஞ்சள் குடையைப் பிடித்துக்கொண்டு நட்ட நடுரோட்டில் வந்து நின்றாள். எங்கிருந்து முளைத்தாள் என்றே தெரியவில்லை. பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா "பஸ்ஸம்மா!" என்று ஒரு அலறல் போட்டாள் பார், என் உயிர் போய் வந்தது. சரியான நேரத்தில் பிரேக் பிடித்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, ஒருத்தனுடைய தண்ணீர் பாட்டில்தான் உருண்டு போனது. அந்தப் பெண்ணை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். குடை பிடித்தால் கண் தெரியாதா என்ன?

உன் அக்கா


மார்ச் 24

என் அக்காவுக்கு,

படத்தைக் கடைச் சுவரில், வெயில் படாத இடத்தில் மாட்டிவிட்டோம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் சட்டம் போட்டோம், பொடி ஒட்டாது. திரைச்சீலை பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். ஒரு அம்மா விலை கேட்டாள். சின்னவள் "இது எங்க பெரியம்மா, விற்க மாட்டோம்" என்றாள். உன்னையா படத்தையா என்று புரியாமல் அந்த அம்மா விழித்தாள்.

ஒன்று கேட்கட்டுமா? கோபப்படாதே. நாள் முழுவதும் நேர்க்கோட்டைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான், அதனால் கண்ணில் பட்டுவிட்டது. பாலத்தின் கைப்பிடி இரண்டு ஓரத்திலும் நேராகத்தான் இருக்கிறது. நடுவில் மட்டும் உள்ளே குழிந்து போகிறது, யாரோ விரலால் அழுத்தியதுபோல. தண்ணீரோடு ஆடுகிறதென்றால் முழுக்க ஆட வேண்டாமா? அதை நீ வேண்டுமென்றுதான் அப்படிப் போட்டாயா?

அந்தக் குடைக்காரியும் என் மனதை விட்டுப் போகவில்லை. மழையில் மஞ்சள் குடையைவிட பளிச்சென்று தெரிவது வேறென்ன இருக்கிறது அக்கா? உன் கடிதத்தில் எழுத்தும் முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள் நீ. ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வந்துவிடேன். எனக்காக.

உன் வாலு


ஏப்ரல் 2

வாலுக்கு,

ஒரு படம் அனுப்பினால் அதன் மேல் இஞ்ச் டேப்பை வைத்துப் பார்க்கிற தங்கை எனக்கு மட்டும்தான் கிடைப்பாள்.

கைப்பிடி எனக்கு அப்படித்தான் தெரிந்தது, அப்படியே போட்டேன். டீச்சருக்குப் பிடித்தது. வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது. எழுத்து பெரிதாக இருப்பது புதுப்பேனாவால். வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடக்கிறது, வருஷா வருஷம் நான் பாஸ். போதுமா?

இன்னொரு படம் வைத்திருக்கிறேன். ஷெட் வாசலில் இருக்கிற விளக்குக் கம்பமும் அதற்குப் பின்னால் விடிகிற வானமும். ரோஜா நிறத்துக்கு அடியில் சாம்பல் பச்சை போட்டால் வானம் எப்படி மினுங்குகிறது பார். இதிலாவது வானத்தைப் பார், கோட்டைப் பார்க்காதே.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

வானத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.

அப்புறம் கம்பத்தையும் பார்த்தேன். அதே இடத்தில், படத்துக்கு நடுவில், அதே குழிவு.

திரைச்சீலை மாட்டப் போனபோது இரண்டு படத்தையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். அங்கே விழித்திரை பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர், கண்டிப்பானவர். படத்தைப் பார்த்துவிட்டு, "படத்தை வச்சு வியாதி சொல்ல முடியாதும்மா" என்றார். மஞ்சள் குடையைச் சொன்னேன், உன் கண்ணாடியின் பவரைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "நேர்க்கோடு நடுவுல வளைஞ்சு தெரியுதுன்னா அவங்க இந்த வாரமே வரணும். அடுத்த மாசம் இல்லை, இந்த வாரம். கண்ணுக்குள்ள நடுப்பகுதியில கசிவு இருந்தா, நாள் போகப் போகப் பார்வை போகும். போனது திரும்பாது. ஆனா சீக்கிரம் வந்தா நிறுத்தலாம்" என்றார். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். பள்ளிக்கூடப் பஸ் என்று சொன்னேன். அவர் மறுபடி பேனாவைத் திறந்து, வீட்டிலேயே கண்ணைச் சோதிக்கும் வழியை எழுதிக் கொடுத்தார்.

அக்கா, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கதவுச் சட்டத்தைப் பார். அப்புறம் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார். என்ன தெரிகிறதென்று எழுது. நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், தினமும் அடித்துப் பார்க்கிறேன்.

அதுவரை பஸ்ஸைத் தொடாதே. காய்ச்சல் என்று சொல். என்ன வேண்டுமானாலும் சொல்.

உன் வாலு


ஏப்ரல் 19

தங்கைக்கு,

என் படத்தை ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தாயா? என் கண்ணைப் பற்றி முன்பின் தெரியாத ஒருத்தரிடம் உட்கார்ந்து கதை பேசினாயா?

சரி. கேட்டாயே, சொல்கிறேன். கதவுச் சட்டத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. எனக்கு முன்பே தெரியும். போன வருஷ மழைக்காலத்துக்கு முன்பிருந்தே தெரியும். இடது கண்ணுக்கு நடுவில் ஒரு அழுக்குத் துணி மாதிரி. எதைப் பார்க்கிறேனோ அதைத்தான் அது மறைக்கும். வலது கண்தான் வண்டி ஓட்டுகிறது. இப்போது அதிலும் கோடு வளைய ஆரம்பித்திருக்கிறது. பரிசோதனையில் எப்படிப் பாஸ் என்று கேட்பாய். அந்த எழுத்துப் பலகையை அவர்கள் மாற்றியதே கிடையாது, எனக்கு மனப்பாடம்.

வகுப்பில் ஏன் சேர்ந்தேன் என்று நினைக்கிறாய்? பொழுது போகாமலா? நிறமெல்லாம் போவதற்கு முன்னால் ஒரு முறை நன்றாகப் பார்த்துவிடலாம் என்றுதான். அங்கேதான் யாரும் என்னை "இதைப் படி, அதைப் படி" என்று கேட்கவில்லை. கண்ணைப் பாதி மூடிப் பார் என்றார்கள். அங்கே நான் குறையுள்ளவள் இல்லை, வகுப்பிலேயே நல்லா வரைகிறவள் நான்தான்.

குடைக்காரியை நான் பார்க்கவே இல்லை. ஆயா கத்தினாள், நான் மிதித்தேன். போதுமா? கேட்டுக்கொண்டாயா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் தெருமுனையில் அவர்கள் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். போய்விட்டேன். இப்போது மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். ஆயாவை முன்சீட்டில் உட்காரவைத்திருக்கிறேன். இந்த வருஷப் பள்ளிக்கூடம் முடியட்டும், நானே நின்றுவிடுகிறேன், நானே டாக்டரிடம் போகிறேன்.

பஸ் இல்லையென்றால் நான் யார்? உன் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற பெரியம்மா. அதுதானே நீ போனில் கேட்டதும்?

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். வேறு யார் காதிலாவது போட்டாயானால் உனக்கு அக்கா இல்லை.


ஏப்ரல் 24

அக்கா,

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. வாசலில் நின்றே படித்தேன். இவரிடம் கொடுத்தேன், அவரும் படித்தார். "வெளியில சொன்னா உங்க அக்கா அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டாங்க, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன்.

உன் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து பிரின்சிபாலிடம் பேசிவிட்டேன். குடையையும் சொன்னேன், எழுத்துப் பலகையையும் சொன்னேன். சாயங்காலப் பஸ்ஸை நீ எடுக்கக்கூடாது என்றேன். அவர் என் பெயரைக் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். வேறு யாரோ சொன்னதாக நீ நினைத்துக்கொண்டு என்னிடம் அன்பாக இருப்பதை என்னால் தாங்க முடியாது.

வருஷம் முடியட்டும் என்கிறாய். முடிவதற்குள் இன்னொரு மழை வரும் அக்கா. ஆயா ஒரு நாள் திரும்பி ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிடுவாள். அந்த ஒரு நாளுக்கு அப்புறம் நீ எப்படி உயிரோடு இருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். இருக்க மாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்.

நீ யார் என்று கேட்டாய். எனக்குத் தெரிந்தது இதுதான். நீ வாயால் சொல்லாததைப் படத்தில் வரைந்து எனக்கு அனுப்பினாய், அதுவும் ஒருமுறை இல்லை, இரண்டு முறை. யாராவது பார்த்துவிடட்டும் என்றுதான் அனுப்பினாயோ என்று தோன்றுகிறது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. திட்டியாவது எழுது.

உன் வாலு


மே 17

அக்கா,

பிரின்சிபாலிடமிருந்து ஒரு வரி வந்தது. நீ வண்டியை விட்டு இறங்கிவிட்டாய் என்று. அதற்கு மேல் அவர் ஒன்றும் எழுதவில்லை.

நான் அனுப்பிய பார்சல் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. புது வண்ணக்குச்சிப் பெட்டிதான் அதில் இருந்தது, வேறொன்றுமில்லை. வழியில் பாதி உடைந்திருக்கிறது.

டாக்டரிடம் போனாயா? அதை மட்டும் சொல். ஒரு வார்த்தை போதும். பெயர்கூடப் போட வேண்டாம்.

வாலு


ஜூலை 28

வாலுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடைசி இரண்டு கடிதத்தையும் பிரிக்காமலே வைத்திருந்தேன். போன வாரம்தான் பிரித்தேன். படிக்கவும் ரொம்ப நேரமாயிற்று.

அன்றைக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சாயங்கால மணி அடிக்கப் போகிற நேரத்தில் பிரின்சிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "உங்க தங்கச்சி பேசினாங்க" என்றார். நான் சிரித்தேன். "அவளுக்கு எப்பவும் பயம் சார், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அவர் மேசையில் இருந்த புகைப்படம் ஒன்றைத் திருப்பி வைத்து, "இது யாருன்னு சொல்லுங்க" என்றார். ஆண் என்று தெரிந்தது. சட்டை நீலம் என்று தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றுமே இல்லை. அது அவரேதான், வாலு. எதிரில் உட்கார்ந்திருந்த அதே மனிதர். சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே பிள்ளைகள் வரிசையாகப் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "பஸ்ஸம்மா, இன்னைக்கு நீங்க வரலையா?" என்று ஒருத்தி கேட்டாள். குரலை வைத்து யாரென்று கண்டுபிடித்தேன். எவ்வளவு நாளாக அவர்களைக் குரலில்தான் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கே உறைத்தது.

அன்றைக்கு உன்னை நான் நினைத்ததையெல்லாம் எழுத மாட்டேன்.

டாக்டரிடம் ஆயாதான் இழுத்துப்போனாள். இடது கண்ணில் நடுவில் வடு விழுந்துவிட்டது, அது திரும்பாது. வலது கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ஆமாம், கண்ணுக்குள்ளேதான், முகத்தைச் சுளிக்காதே. இரண்டு போட்டாயிற்று. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதுவும் போயிருக்கும் என்றார் டாக்டர். இந்த ஒரு வரியை உனக்கு எழுதவே கூடாது என்று இவ்வளவு நாள் வைராக்கியமாக இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வண்டி கிளம்பியது, எது திரும்பவில்லை என்று பார்த்துச் சொல்லும் வேலை. என் பஸ்ஸை இப்போது ஓட்டுகிறவன் கியரை அரைக்கிறான். சத்தம் கேட்கும்போதெல்லாம் என் பல் கூசுகிறது.

வகுப்புக்கு மறுபடி போகிறேன். பாப்பா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுவிட்டாள். "நான் போய் அதைப் பாராட்டினேனே அக்கா" என்றாள். "படம் நல்லாத்தானே இருந்துச்சு, அதுல என்ன பொய்?" என்றேன். ஊசிக்குப் பிறகு பாலத்தின் கைப்பிடி கிட்டத்தட்ட நேராகிவிட்டது. நேரான கைப்பிடியை வரைய எனக்குப் பிடிக்கவில்லை. பாலத்தை விட்டுவிட்டு இப்போது தண்ணீரை மட்டும் வரைகிறேன்.

யாராவது பார்த்துவிடட்டும் என்றுதான் படத்தை அனுப்பினேனா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், நிஜமாகவே தெரியவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மூன்றாவது ஊசி. கூட ஒரு ஆள் இல்லாமல் போட மாட்டார்களாம். ஆயாவின் பெண்ணுக்கு அன்றைக்குப் பிரசவத் தேதி. அதனால் நீ வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே, அதற்கு இன்னும் நாள் ஆகும். உன் வீட்டுக்கு வந்துவிடு என்ற பேச்சை எடுக்காதே. போகும் வழியில் எதுவுமே பேசாதே.

ஊசி போட்ட பிறகு வலது கண்ணைக் கட்டிவிடுவார்கள். இடது கண்ணுக்கு முகம் தெரியாது. உன் முகத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். திரும்பி வரும்போது பேசு. வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வா.

உன் அக்கா